நிறையும் மாற்றும் அடர்த்தியும்: கடாரக் கரையின் அளவைகள்

ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு வினா. அது எத்தகையது என்பது வேறொரு வினா. முன்னதற்குத் தராசு விடை தரும். பின்னதற்குத் தராசு மட்டும் போதாது. கடாரக் கரைக்கு வந்த தமிழர் இவ்விரு வினாக்களையும் ஏட்டில் கற்கவில்லை. தம் பிழைப்பின் பொருட்டே எதிர்கொண்டனர்.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் வேறுபிரித்து, அவற்றுக்கு முதலாகும் எழுத்துகள் ஒன்பது என்று வரையறுத்தார். முகந்து அளப்பது அளவு. நிறுத்து அறிவது நிறை. பருமனும் எடையும் வெவ்வேறு என்னும் தெளிவு அத்தனை பழையது. பின்வந்த உரையாசிரியர்கள் அளவையை ஏழாக விரித்தபோது, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு அறியும் சார்த்தியளத்தலையும் அவற்றுள் சேர்த்தனர்.

அந்த ஒப்பீட்டு அளவைக்குத் தக்க சான்று கெடாவுக்கு வடக்கே, தென் தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள குலோங் தோமில் கிடைத்தது. அது சிறியதோர் உரைகல். ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்பர். பொன்னைக் கல்லில் உரைத்து, அக்கீற்றை மாற்று அறிந்த பொன்னின் கீற்றோடு ஒப்பிடுவது பொற்கொல்லர் வழக்கம். பத்துக் கழஞ்சுப் பொன்னாயினும் ஒரு குன்றிமணிப் பொன்னாயினும் கீற்று ஒன்றே. அளவு மாறினும் மாறாத பண்பு அது. அப்பண்புக்கு ‘மாற்று’ என்று நம் முன்னோர் பெயரிட்டிருப்பதை எண்ணினால் சற்று வியப்பாகத்தான் இருக்கிறது.

பிற்காலத்துக் கெடாவில் அரிசி கந்தாங்கில் அளக்கப்பட்டது. மீனும் காய்கறியும் காத்தியில் நிறுக்கப்பட்டன. ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம். நூறு காத்தி ஒரு பிக்குல். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின்னரே கிலோகிராமும் லிட்டரும் படிப்படியாக இவற்றின் இடத்தைப் பெற்றன. இதனை விரிக்க வேண்டியதில்லை. தோட்டங்களில் நிகழ்ந்த அளவையே நாம் நின்று நோக்கத் தக்கது.

விடியலில் மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலைக் காண்டா வாளிகளில் சுமந்து வந்து கொட்டும்போது, அதில் பெரும்பகுதி தண்ணீரே. ரப்பர் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு. ஆளுக்கு 20 கிலோ பால் கொண்டுவந்த இருவருள் ஒருவரது பாலில் 40 விழுக்காடு ரப்பர் இருப்பின் 8 கிலோ. மற்றவரது பாலில் 30 இருப்பின் 6 கிலோ. உலர் ரப்பரின் எடைக்கேற்பக் கூலியோ மிகைக்கூலியோ கணக்கிட்ட இடங்களில் இந்த 2 கிலோ சிறிதன்று. மழை பெய்து மங்கில் நீர் ஏறினாலும், மரத்தின் இனம் வேறானாலும் விழுக்காடு மாறும்.

ஆதலால் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி பால் கொட்டகைக்கு வந்தது. தண்ணீரின் அடர்த்தி 1 எனில் ரப்பரின் அடர்த்தி ஏறத்தாழ 0.92, பாலினது 0.98 அளவில் நிற்கும். ரப்பர் மிக்க பாலில் கருவி ஆழ அமிழும். நீர் கலந்த பாலில் மேலெழும். பசும்பாலில் இது தலைகீழ். பசும்பால் தண்ணீரினும் அடர்ந்தது. நீர் கலந்தால் அடர்த்தி குறையும். ரப்பர்ப் பாலிலோ நீர் கலந்தால் அடர்த்தி கூடும். இரண்டையும் ‘பால்’ என்றே அழைத்த தமிழ் இவ்வேறுபாட்டைச் சொல்லில் காட்டவில்லை, குற்றமுமில்லை.

எனினும் மிதவைக் கருவி மதிப்பீட்டையே தரும். வெப்பமும் நுரையும் அதனை ஏமாற்றும். பாலில் ஒரு கூறு எடுத்து, அமிலமிட்டு உறையவைத்து, அழுத்தி, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பதே உறுதியான முறை. அதற்கு நேரம் வேண்டும். கருவியைப் படித்தவர் கிராணி. அப்படிப்புக்கேற்பக் கூலி பெற்றவர் மரம் வெட்டியவர். அடர்த்தி என்னும் சொல்லை அறியாதிருந்த போதிலும் அதன் விளைவை அவர் தம் சம்பள நாளில் அறிந்தார்.

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த கூலிமில் 1996இல் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அங்கே சிலிக்கான் வில்லைகளின் படலத் தடிமனை நானோமீட்டரில் அளக்கின்றனர்; ஒரு நானோமீட்டர் மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதே சிலிக்கானைக் கொண்டு உலகின் கிலோகிராமையே ஆராய்ந்தனர் என்பதும் கருதத் தக்கது. மிகத் தூய சிலிக்கானாலான, 94 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுடைய ஒரு கிலோ உருண்டையில் உள்ள அணுக்களின் தொகையை அறிவியலார் கணித்தனர். அவ்வாய்வும் துணைநிற்க, 2019 மே 20 முதல் கிலோகிராம் ஓர் உலோகக் கட்டியை விடுத்து, பிளாங்க் மாறிலியைச் சார்ந்து நிற்கிறது.

அக்கிலோகிராம் அளக்கும் பண்பைத் தமிழில் எவ்வாறு கூறுவது? தமிழ்நாட்டுப் பாடநூலில் அது நிறை. புவியீர்ப்பு இழுக்கும் விசை எடை. இலங்கையில் அதே பண்பு திணிவு, விசையே நிறை. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் பொருண்மை. எம் துறையிலோ பொருண்மையியல் என்பது சொற்பொருளை ஆயும் இயல்! மூன்றனுள் திணிவே ஐயத்திற்கு இடந்தராதது என்பது என் கருத்து. ஆயினும் பழகிய சொல்லைப் பள்ளியிலிருந்து பறிப்பதும் தகாது. இடர் தருவது ‘நிறை’ ஒன்றே. கூலிமில் பயிலும் மாணவர் சென்னை நூலையும் யாழ்ப்பாண நூலையும் ஒருங்கே விரித்தால், நிலவுக்குச் சென்றால் நிறை மாறாது என்று ஒன்றிலும், ஆறில் ஒரு பங்காகும் என்று மற்றொன்றிலும் படிப்பார். இரண்டும் சரியே. ‘நிறை’யை எப்பொருளில் ஆள்கிறோம் என்பதை ஒவ்வொரு நூலும் முதற் பக்கத்திலேயே கூறிவிடலாம், அதற்கு ஒரு வரி போதும்.