கஞ்சமலை மண்ணும் கிருஷ்ணனின் இழையும்

சேலம் கஞ்சமலை அடிவாரத்துல, மண்ணுக்குள்ள காந்தத்தைப் புரட்டினா கறுப்புப்பொடி மீசை மாதிரி ஒட்டிக்கும். மேக்னடைட்ங்கிற இரும்புத்தாது. சின்ன வயசுல அதுதான் என் ஆய்வுக்கூடம். ஆனா காந்தம்னா பள்ளியில ஃபாரடே பேரைத்தான் சொன்னாங்க. நம்ம வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணனைச் சொல்லலை.

ராமன் விளைவுல கூட உழைச்சவர்னுதான் அவரை நமக்குத் தெரியும். அதே 1928-ல டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கே குட்டிப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில தொங்கவிட்டு, காந்தப்புலத்துல வச்சார். படிகம் திரும்பப் பார்க்கும். இழை முறுக்கிக்கிட்டுத் தடுக்கும். அந்த முறுக்கை அளந்தே, உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சார்.

இன்னிக்கு நானோ காந்தங்களை அளக்கவும் இந்தத் தத்துவம் உதவுது. இழைக்குப் பதிலா மயிரிழையைவிட மெல்லிய சிலிக்கான் பட்டை, அவ்வளவுதான்.

கஞ்சமலைக்குப் போனா பசங்க கையில ஒரு காந்தம் கொடுங்க. கிருஷ்ணன் பேரையும் சொல்லுங்க.