யூத வெறுப்பு எதிர்ப்பு: சித்தூர் – திருப்பதி வட்டாரம்

யூதர்களை இனத்தாலோ சமயத்தாலோ இழிவுபடுத்தும் பேச்சையும் குறியீட்டையும் வன்முறையையும் பொதுக் கண்டனம், சட்டம், கல்வி ஆகிய வழிகளில் தடுக்கும் பணியே யூத வெறுப்பு எதிர்ப்பு. ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் யூதர்கள் திரளாக வாழும் பகுதிகள் அல்ல. எனவே இங்கு யூத வெறுப்பு நேரடிப் பகையாகத் தெரிவதில்லை. ஹிட்லரின் பெயரையும் உருவத்தையும் விளையாட்டாகக் கையாளும் பழக்கமாகத் தலைகாட்டுகிறது. இங்கே கண்டனத்தைவிடக் கல்விக்கே வேலை அதிகம்.

பின்னணி

சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவானது. 1953 வரை அது சென்னை மாகாணத்தில் இருந்தது. திருப்பதி 2022 ஏப்ரலில் தனி மாவட்டமானது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இவ்வட்டாரத்தின் பழைய தலைநகரான சென்னைக்கு யூதர் தொடர்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பவளம் விற்று வைரம் வாங்க வந்த யூத வணிகர்கள் அங்கே தங்கினர். 1688இல் மதராஸ் மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மன்களில் (மூத்த மன்ற உறுப்பினர்களில்) யூதர்களும் இடம்பெற்றனர். தென்னிந்திய யூதர்களின் வேர் இன்னும் பழையது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. ஆந்திரத்திலேயே குண்டூர்ப் பகுதியில் பெனெ எப்ராயிம் என்ற சிறு தெலுங்குச் சமூகம் யூத நெறிகளைக் கடைப்பிடித்து வருகிறது.

ஐரோப்பாவைப் போல அரசே முன்னின்று நடத்திய யூதப் பகை இந்திய மன்னர்களிடம் இருந்ததில்லை. யூத வம்சாவளியினரையும் துன்புறுத்திய, போர்த்துகீசியர் 1560இல் கோவாவில் நிறுவிய சமய விசாரணை மன்றம் வெளியிலிருந்து வந்தது. 2008 நவம்பரில் மும்பையின் யூத மையமான நரிமன் இல்லத்தில் யூதர்கள் கொல்லப்பட்டதும் எல்லை தாண்டி வந்த பயங்கரவாதிகளின் செயல்.

வெளிப்படும் விதம்

கண்டிப்பான தலைமையாசிரியரையும் அதட்டும் அப்பாவையும் 'ஹிட்லர்' என்று கேலி செய்வது தமிழிலும் தெலுங்கிலும் பழகிப்போனது. 1982இல் சிவாஜி கணேசன் நடித்த 'ஹிட்லர் உமாநாத்' வந்தது. 1997இல் சிரஞ்சீவி நடித்த தெலுங்குப் படத்தின் பெயரே 'ஹிட்லர்'; தங்கைகளைக் கட்டுக்காவலில் வளர்க்கும் அண்ணனின் கதை அது. சிரஞ்சீவி பின்னர், 2009இல், திருப்பதி சட்டமன்ற உறுப்பினரானார்.

இவ்வட்டாரத்தோடு நேரடியாகத் தொடர்புடைய நிகழ்வு 2018 ஆகஸ்டில் நடந்தது. அப்போது சித்தூர் மக்களவை உறுப்பினராக இருந்த தெலுங்கு தேசம் கட்சியின் நாரமல்லி சிவபிரசாத், ஆந்திரத்துக்குச் சிறப்புத் தகுதி கேட்டு ஹிட்லர் வேடத்தில் நாடாளுமன்ற வளாகத்துக்கு வந்தார். மருத்துவர், திரைப்பட நடிகர், இயக்குநர் எனப் பலவாறு அறியப்பட்டவர் அவர். நாரதர் வேடம் உட்படப் பல வேடங்களில் அதே கோரிக்கைக்காகப் போராடியவர். ஹிட்லரைப் புகழ அவர் வரவில்லை. சர்வாதிகாரம் வேண்டாமென்று ஒன்றிய அரசைச் சாடவே வந்தார். ஆனால் அந்த நையாண்டியில் ஹிட்லர் வெறும் சர்வாதிகாரியாக மட்டுமே தெரிந்தார். அவரது ஆட்சி கொன்று குவித்த சுமார் 60 லட்சம் யூதர்கள் அந்தக் காட்சியில் இல்லை. சிவபிரசாத் 2019 செப்டம்பரில் காலமானார்.

குரல் கொடுத்தல்

இந்தியாவில் யூதர்கள் சில ஆயிரம் பேரே. ஆயினும் அவர்களின் அமைப்புகள் முறையாகக் குரல் எழுப்பியுள்ளன. 2006இல் நவி மும்பையில் 'ஹிட்லர்ஸ் கிராஸ்' என்ற உணவகம் திறக்கப்பட்டபோது யூதச் சமூகத்தினர் உரிமையாளரிடம் நேரில் பேசினர், பெயர் மாற்றப்பட்டது. 2012இல் அகமதாபாத்தில் 'ஹிட்லர்' என்ற துணிக்கடையின் பெயர்ப்பலகையும் எதிர்ப்புக்குப் பின் அகற்றப்பட்டது. கூட்டாளியின் தாத்தாவுடைய கண்டிப்புக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது என்று கடைக்காரர்கள் விளக்கினர். முதல் நிகழ்வில் தீர்வைத் தந்தது பேச்சும் விளக்கமுமே.

சட்டமும் துணை நிற்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு சமூகங்களிடையே பகை வளர்ப்பதையும், 299ஆம் பிரிவு சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதையும் குற்றமாக்குகின்றன. மகாராஷ்டிரம் 2016இலும் குஜராத் 2018இலும் யூதர்களைச் சிறுபான்மையினராக அறிவித்தன.

சுவஸ்திகா

திருப்பதி வட்டாரத்தில் மிகக் கவனமாக விளக்க வேண்டியது இது. பூஜைக்கு நிற்கும் புது வண்டியிலும் புதுக்கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலும் மஞ்சளாலும் குங்குமத்தாலும் இடப்படும் சுவஸ்திகா மங்கலச் சின்னம். நாஜிகள் 1920இல் தங்கள் கொடியில் ஏற்றியது சிவப்புத் துணியில் வெள்ளை வட்டத்துக்குள் சாய்த்து வைத்த கருப்புக் கொக்கிச் சிலுவை. 2008இல் ஜெருசலேமில் நடந்த இந்து – யூதத் தலைவர்கள் மாநாடு, இந்துக்களின் புனிதச் சின்னமான சுவஸ்திகாவை நாஜிகள் திரித்துத் தவறாகப் பயன்படுத்தினர் என ஏற்றது. இந்துத் தரப்பில் முன்னின்றவர் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதி. வெளிநாடு செல்லும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்திருப்பது அவர்களுக்கே நல்லது.

கல்வி

என்.சி.இ.ஆர்.டி.யின் 9ஆம் வகுப்பு வரலாற்று நூலில் நாஜிசம் பற்றித் தனிப் பாடம் இருந்துவந்துள்ளது. யுனெஸ்கோவும் ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பும் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, யூதப் படுகொலை வரலாற்றைச் சொன்னால் மட்டும் போதாது, இன்றைய வெறுப்புப் பேச்சையும் அடையாளம் காணப் பயிற்ற வேண்டும் என்கிறது.

உள்ளூர் வகுப்புக்கு ஏற்ற தொடக்கங்களும் உண்டு. வானொலி நிகழ்ச்சிகளுக்கு முன் ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் அடையாள இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன். நாஜிகள் ஆட்சியைப் பிடித்த பின் 1934இல் மும்பைக்கு வந்து சேர்ந்த யூதர் அவர். அந்த இசையிலிருந்து தொடங்கினால், எங்கோ நடந்த கொடுமை மாணவருக்குப் பக்கத்து வீட்டுச் செய்தியாகும். பிறப்பை வைத்து மனிதரைத் தாழ்த்துவது என்னவென்று சாதியால் அறிந்த மண்ணில், இப்பாடத்துக்கு நீண்ட முன்னுரை தேவைப்படாது.

யூதப் படுகொலை நினைவு நாளாக ஐ.நா. 2005இல் அறிவித்த ஜனவரி 27, குடியரசு நாளுக்கு மறுநாள் வருகிறது. சமத்துவத்தைப் பேசிய மேடை பிரிக்கப்படும் முன்பே பள்ளிகள் இப்பாடத்தையும் நடத்திவிடலாம்.