மான் நடக்கப் பழகிய கதை

இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1956 இல் பம்பாயில் ஒரு கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த இளைஞர்களுக்குப் படம் கீற நன்றாகவே தெரிந்திருந்தது. கீறிய படத்தை நடக்க வைப்பதுதான் பெரும்பாலானோருக்குப் புதிது. அவர்களில் ஒருவர் இரசாயனவியல் படித்துவிட்டு வந்த ராம் மோகன். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் வந்தவர் கிளேர் வீக்ஸ். மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்தவர். டிஸ்னி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். 'பாம்பி' படத்தில் அவருடைய கையும் உண்டு.

அந்தப் பயிற்சியில் பிறந்த படம்தான் 1957 இல் வெளியான 'தி பான்யன் டியர்'. இலங்கையில் பன்சலைச் சுவர் ஓவியங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜாதகக் கதைகள் பழக்கமானவை. இதுவும் அவற்றில் ஒன்று. காசி அரசனின் பூங்காவில் இரண்டு மான் கூட்டங்கள் அடைபட்டிருக்கின்றன. நாளுக்கு ஒரு மான், சீட்டு விழுந்தபடி, பலிக்குப் போகவேண்டும். சினைமான் ஒன்றின் முறை வருகிறது. அதன் தலைவன் கைவிரித்துவிட, மற்றக் கூட்டத்தின் தலைவனான ஆலமர மான் அதற்குப் பதிலாகத் தன் கழுத்தைக் கொண்டுபோய் வைக்கிறது. அரசன் மனம் மாறுகிறான்.

நம் பக்கத்துக் கதைதான். ஆனால் மான்களின் அசைவில் டிஸ்னி பள்ளியின் சாயல் தெரிகிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'பாம்பி'க்காக டிஸ்னியார் ஸ்டூடியோவுக்குள் உயிருள்ள மான்குட்டிகளையே கொண்டுவந்து வைத்துக் கீறிப் பழகினார்கள். ரிக்கோ லெப்ரன் என்ற ஓவியர் எலும்பும் தசையும் எப்படி அசைகின்றன என்று வகுப்பெடுத்தார். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த அறிவு ஒரு மனிதரின் கை வழியாகப் பம்பாய்க்கு வந்தது. கற்கும் காலத்தில் கற்பித்தவரின் கை தெரியத்தான் செய்யும். கூத்து அண்ணாவியாரின் ஆட்டம் மாணவனின் காலில் தெரிகிறது என்று மட்டக்களப்பில் யாரும் குறைப்படுவதில்லை.

சொந்தப் பாணி வேண்டும் என்று முதல் கொப்பியிலேயே தேடுகிறவர்களுக்கு இந்தத் தொழிலின் கணக்கைச் சொல்லவேண்டும். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720. இதெல்லாம் ஒரேயொரு பாத்திரத்துக்கு. வின்ஸர் மெக்கே 1914 இல் 'கெர்டி' என்ற டைனோசரை நடக்க வைத்தபோது, அசையாத மலையையும் மரத்தையும்கூட ஒவ்வொரு தாளிலும் திரும்பக் கீறவேண்டியிருந்தது. அதே காலத்தில் ராவுல் பாரே தாளில் துளையிட்டு முளையில் மாட்டும் வழியைக் கொண்டுவந்தார். ஏர்ல் ஹேர்ட் பாத்திரத்தை ஒளி ஊடுருவும் தாளில் தனியே கீறி, பின்னணியின் மேல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அப்படியும் எழுநூறு தடவை கீறவேண்டிய முகத்தில் எவராலும் எழுநூறு தடவையும் எல்லாச் சுருக்கங்களையும் போட முடியாது. கை தானாகவே சிலதை விடும், சிலதை விடாது. விடாமல் பிடித்துக்கொள்கிற அந்தச் சில கோடுகளைத்தான் பிறகு மற்றவர்கள் பாணி என்கிறார்கள்.

ராம் மோகனுக்கு அதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் பிடித்தது என்று வைத்துக்கொள்ளலாம். 1960 களின் பிற்பகுதியில் பிலிம்ஸ் டிவிஷனை விட்டுப் போனார். 1972 இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். சத்யஜித் ராயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாரி'யில் (1977) அரச அரசியலை நையாண்டியாகச் சொல்லும் அனிமேஷன் பகுதி அவருடையது. சிக்கனமான கேலிக்கோடு, 'பாம்பி'யின் மென்மை அதில் இல்லை. அதே கார்ட்டூன் பிரிவில் வேலை செய்த பிரமோத் பதி, பிராகில் இர்ஜி திர்ன்காவிடம் பொம்மை அனிமேஷன் படித்தவர். அவர் எடுத்த 'எக்ஸ்புளோரர்' (1968) யாருடைய மாதிரியும் இல்லை. ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள்தான் இருவரும்.

இனி நம் மட்டக்களப்பு வாவிக்கு வருகிறேன். இங்கே அனிமேஷன் பழக விரும்புகிற பிள்ளைக்குக் கண்ணாடித் துண்டு ஒன்றும் அதன் கீழே மின்குமிழும் துளையிட்ட தாளும் போதும்; படம் பிடிக்கப் போன் இருக்கிறது. எதைக் கீறுவது? ஜப்பானியக் கார்ட்டூன் கண்களைப் பார்த்துக் கீறலாம், தவறில்லை, அதுவும் ஒரு பள்ளிதான். ஆனால் அசைவைப் படிக்கக் கல்லடிப் பாலத்தில் நின்றால், கீழே வீச்சுவலை எறிகிறவரைவிடச் சிறந்த வாத்தியார் கிடைக்கமாட்டார். முதலில் இடுப்பு பின்பக்கம் திரும்புகிறது. பிறகு தோள், பிறகு கை. வலை அப்போதும் மடிப்பிலேயே கிடக்கிறது. கை நின்ற பின்தான் வலை விரிகிறது. விளிம்பிலுள்ள ஈயக்குண்டுகள் எல்லாவற்றுக்கும் பிந்தி வெளியே ஓடி வட்டத்தை இழுத்துப் பிடிக்கின்றன. ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981 இல் டிஸ்னி அனிமேஷனின் பன்னிரண்டு விதிகளைப் புத்தகமாக எழுதியபோது, உடலின் பாகங்கள் ஒன்றாக நிற்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும் என்பதை அவற்றில் ஒன்றாக வைத்தார்கள். வடமோடிக் கூத்தில் ராசா சுழன்று நின்ற பிறகும் உடுப்பு சுழல்வதும் அதே விதிதான்.

கூத்திலிருந்து எடுக்கவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது: நேரம். 1928 இல் 'ஸ்டீம்போட் வில்லி'க்காக வில்ஃப்ரெட் ஜாக்ஸன் மெட்ரோனோம் கருவியைக் கொண்டுவந்துதான் தாளத்தையும் சட்டக் கணக்கையும் பொருத்தினார். நமக்கு மத்தளம் இருக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி என்று தாளம் போனால் ஒரு அடிக்கு அரை வினாடி, அதாவது 12 சட்டம், ஆறு படம். அடவு எந்தப் படத்தில் மண்ணை மிதிக்கவேண்டும் என்று தாளக்கட்டைச் சொல்லிக்கொண்டே தாளின் ஓரத்தில் குறித்துவிடலாம். வேகம் கூடக்கூடப் படங்கள் குறையும். குறைகிற இடத்தில் எந்தப் படத்தை விடுவது என்பதைக் கீறுகிறவர்தான் முடிவு செய்யவேண்டும்.

கஷ்டமானது தண்ணீர். நீருக்கும் புகைக்கும் டிஸ்னியில் தனிப் பிரிவே இருந்தது. வாவியில் பெரும்பாலும் அலை இல்லாதது ஒரு வசதி: வலை விழுந்த இடத்தில் இரண்டு வளையம் போதும். தோணியில் இருந்து பார்க்கிற கண்ணுக்கு அவை வட்டமாகத் தெரியாது, நன்றாகத் தட்டையாகத் தெரியும். தூரத்து வளையம் ஏறத்தாழ ஒரு கோடு. அந்தக் கோட்டை எவ்வளவு மெல்லியதாக, எத்தனை படம் வரை நிறுத்துவது என்பதில் இரண்டு பேர் கீறியது ஒன்றுபோல் இருந்ததை நான் கண்டதில்லை.