சாப்பாட்டுக்கூடமும் தலையங்கமும்

மாணவர் பத்திரிகைகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அதை ஒரு வளர்ச்சிக் கதையாகவே எழுதிவிடுகிறார்கள். எப்போது ஆரம்பித்தது, எப்போது தினசரி ஆயிற்று, அதில் எழுதிப் பழகிப் பின்னால் பிரபலமானவர்கள் யார் யார் என்ற ஜாபிதா. கல்லூரி ஆண்டு மலருக்கு இது போதும். ஆனால் ஒரு பத்திரிகையின் உண்மையான சரித்திரம், அது யாருடையது என்ற கேள்வி எழுகிற தருணங்களில்தான் இருக்கிறது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் 1877இல் மாணவர்கள் தொடங்கிய ‘ஸ்பெக்டேட்டர்’ இதற்கு நல்ல உதாரணம். பத்திரிகைத் தொழிலோடு அதிகம் உறவு கொண்டாடும் பல்கலைக் கழகம் அது. ஜோசப் புலிட்சரின் பணத்தில் 1912இல் அங்கே இதழியல் பள்ளி திறக்கப்பட்டது. 1917 முதல் புலிட்சர் பரிசுகளை வழங்குவதும் அதுதான். அதன் தலைவர் நிக்கலஸ் மரே பட்லர் 1931இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த ஏப்ரலில், ‘ஸ்பெக்டேட்டர்’ ஆசிரியர் ரீட் ஹாரிஸ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்.

ஹாரிஸ் செய்தது என்ன? கல்லூரிக் கால்பந்து விளையாட்டாக இல்லாமல் வியாபாரமாகிவிட்டது என்று எழுதினார். மாணவர் சாப்பாட்டுக்கூடம் லாபநோக்கில் நடக்கிறது, அங்கே பரிமாறும் ஏழை மாணவர்கள் சரியாக நடத்தப்படவில்லை என்று அவருடைய பத்திரிகை குற்றம் சாட்டியது. மரியாதைக் குறைவு, திரித்துக் கூறல் ஆகியவற்றின் தொடர்ச்சி என்பது டீன் ஹாக்ஸ் தரப்பில் சொல்லப்பட்ட காரணம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. உலக சமாதானம், பொருளாதார மந்தம், முதலாளித்துவத்தின் வீழ்ச்சி போன்ற பெரிய விஷயங்களைப் பற்றி இளைஞன் அபிப்ராயம் சொல்வதை ஸ்தாபனம் சகித்துக்கொள்ளும். சமயத்தில் பெருமைப்படவும் செய்யும். சமையலறைக் கணக்கைக் கேட்டால்தான் அதற்குக் கோபம் வருகிறது. அபிப்ராயத்துக்குப் பதில் அபிப்ராயம் போதும். கணக்குக்குப் பதிலாகக் கணக்கையே காட்ட வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்க சிவில் உரிமைச் சங்கம் ஹாரிஸுக்குத் துணைக்கு வந்தது. சில வாரங்களில் நீக்கம் ரத்தாயிற்று; அவர் தாமாகவே விலகிக்கொண்டார். கல்லூரிக் கால்பந்தைத் தாக்கும் புத்தகமொன்று அதே வருஷம் வெளிவந்தது. விவகாரம் முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியது.

இருபத்தொரு வருஷங்கள் கழித்து, 1953இல், ஹாரிஸ் அரசாங்க அதிகாரி. வெளிநாட்டு ஒலிபரப்பைக் கவனித்த இலாகாவில் உயர் பதவி. செனட்டர் மெக்கார்த்தி அவரைத் தம் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தி, கொலம்பியாவிலிருந்து நீக்கப்பட்டது பற்றியும், அந்தப் பழைய புத்தகம் பற்றியும், அன்று வழக்கறிஞரை ஏற்பாடு செய்தவர்கள் பற்றியும் கேட்டார். அந்தக் கருத்துகள் இன்று தம்முடையவை அல்ல என்று ஹாரிஸ் சொல்லவேண்டி வந்தது. அப்படியும் பதவி தப்பவில்லை, ஏப்ரலில் ராஜினாமா. 1954 மார்ச்சில் எட்வர்ட் மரோ தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்த விசாரணைக் காட்சிகளை ஒளிபரப்பினார். 1961இல் அமெரிக்கத் தகவல் ஸ்தாபனத்தின் தலைவரானபோது ஹாரிஸை மீண்டும் அரசுப் பணிக்குக் கொண்டுவந்தவரும் மரோதான்.

மாணவர் பத்திரிகைக்கு ஞாபகம் குறைவு. ஆசிரியர் குழு வருஷா வருஷம் மாறிவிடும். முந்தைய தலைமுறை எதற்காக அடிபட்டது என்பது அடுத்ததற்குத் தெரியாது. அதிகாரத்துக்கு இந்தக் குறை இல்லை. அதனிடம் கோப்பு இருக்கிறது.

1962இல் ‘ஸ்பெக்டேட்டர்’ பல்கலைக் கழகத்திலிருந்து சட்டப்படியும் பணத்தாலும் விலகித் தனி நிறுவனமாயிற்று. வளர்ச்சிக் கதை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதுதான் அந்தப் பத்திரிகையின் மிக முக்கியமான தேதியாகத் தோன்றுகிறது. 1968 ஏப்ரலில் மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றி, போலீஸ் உள்ளே நுழைந்து எழுநூறு பேர் அளவில் கைதானபோது, செய்தி எழுதிய மாணவர்கள் ஸ்தாபனத்தின் பணத்தில் அச்சடித்துக்கொண்டிருக்கவில்லை. இதனால் மட்டும் ஒரு பத்திரிகைக்குத் தைரியம் வந்துவிடாது. ஆனால் தைரியம் இருக்கும்போது அதைப் பிடுங்குவது கஷ்டமாகிவிடுகிறது.

சுதந்திரத்துக்கும் செலவு உண்டு. 2014இல் ‘ஸ்பெக்டேட்டர்’ தினசரி அச்சைக் கைவிட்டு, அச்சில் வாரப் பத்திரிகையாகி, அன்றாடச் செய்தியை இணையத்துக்கு மாற்றியது. இதைச் சிலர் வீழ்ச்சி என்றார்கள். அச்சுக்கூலியைத் தானே கொடுக்கிற பத்திரிகை, எதை விடுவது என்பதையும் தானே தீர்மானிக்கிறது. கூலியை இன்னொருவர் கொடுத்தால் அந்தத் தீர்மானமும் அவருடையதாகிவிடும். 1932இல் நடந்தது அதுதான்.