அழிந்துபோன கப்பலை மறுபடியும் கட்டலாமா?



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வாரம் வரலாற்றுப் பாட நேரத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு படங்களைக் காட்டினோம். ஒன்று, 1851ஆம் ஆண்டில் பந்தயம் ஓடிய ஒரு பாய்க்கப்பலின் ஓவியம். மற்றது, 1967இல் கடலில் இறக்கப்பட்ட ஒரு பாய்க்கப்பலின் புகைப்படம். இரண்டிலும் ஒரே கூர்மையான அணியம், பின்பக்கம் சாய்ந்த ஒரே மாதிரியான இரண்டு பாய்மரங்கள், ஒரே பெயர்: 'அமெரிக்கா'. பின்வாங்கில் இருந்து ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இது அந்தக் கப்பலேதானா, வேற கப்பலா?"

விடை சொல்ல வாயெடுக்கும்போதே மணி அடித்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறோம். அவன் கேட்டது நமதூர்க் கரையில் கிடக்கும் தோணிகளுக்கும் பொருந்தும் என்பதால், பெரியவர்களும் வாசிக்க வேண்டும் என்பது நமது ஆசை.

முதலில் கப்பலின் கதை.

1851இல் லண்டனில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. ஒவ்வொரு நாடும் தன் கைத்திறனைக் காட்ட வந்தது. நியூயோர்க் பாய்க்கப்பல் கழகத்தின் தலைவர் ஜோன் கொக்ஸ் ஸ்டீவன்ஸும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து ஆறு பேர், தங்கள் நாட்டுக் கப்பல் கட்டும் திறமையை இங்கிலாந்துக் கடலில் காட்ட முடிவெடுத்தார்கள். வடிவமைத்தவர் ஜோர்ஜ் ஸ்டியர்ஸ். கட்டியது வில்லியம் பிரவுன் என்பவரின் பட்டறை. விலை 30,000 டொலர். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: கப்பல் வேகமாக ஓடாவிட்டால் ஒரு சதமும் கிடையாது.

1851 மே 3ஆம் திகதி கப்பல் தண்ணீரில் இறங்கியது. சோதனை ஓட்டத்தில் ஸ்டீவன்ஸிடம் ஏற்கெனவே இருந்த 'மரியா' என்ற படகிடமே அது தோற்றது! அதைக் காட்டி விலையை 20,000 டொலராகக் குறைத்து வாங்கினார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஒரு கப்பலின் தொடக்கம் இப்படித்தான் இருந்தது.

அப்படி அந்தக் கப்பலில் என்ன புதுமை? அக்கால ஆங்கிலேயப் பந்தயப் படகுகள் மீன் மாதிரி இருந்தன. முன்பக்கம் தலைபோல் பருத்திருக்கும், பின்பக்கம் வால்போல் ஒடுங்கியிருக்கும். ஸ்டியர்ஸ் இதைத் திருப்பிப் போட்டார். அணியத்தைக் கத்திபோல் ஒடுக்கி, அகலத்தைப் பின்னுக்குத் தள்ளினார். சுமார் 101 அடி நீளம், 23 அடி அகலம். பாயிலும் வித்தியாசம் இருந்தது. ஆங்கிலேயர் சணல் வகை நார்த்துணியில் பாய் தைத்தார்கள். அது காற்றில் பைபோல் உப்பும். 'அமெரிக்கா'வின் பாய் இயந்திரத்தில் நெய்த பருத்தித் துணி. அதன் கீழ் விளிம்பைக் கட்டையோடு சேர்த்து இறுக்கி வரிந்திருந்தார்கள். பாய் தட்டையாக நின்றது. காற்றுக்கு எதிராக ஏறிப் போகும்போது இதுதான் பெரும் உதவி.

1851 ஓகஸ்ட் 22. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வைட் தீவைச் சுற்றிச் சுமார் 53 மைல் பந்தயம். மொத்தம் 15 கப்பல்கள். காலை 10 மணிக்கு ஆரம்பம். 'அமெரிக்கா' கடைசியாகத்தான் கிளம்பியது. இரவு 8.37க்கு முதலாவதாக வந்து சேர்ந்தது.

விக்டோரியா மகாராணி, "இரண்டாவதாக வருவது யார்?" என்று கேட்டதாகவும், "இரண்டாவது என்று எதுவும் இல்லை" என்று பதில் வந்ததாகவும் ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அரோரா' என்ற சிறிய ஆங்கிலப் படகு சில நிமிடங்கள் பிந்தி வந்து சேர்ந்துவிட்டது. இன்னொன்று, பெரும்பாலான கப்பல்கள் வழமைப்படி ஒரு வெளிச்சக் கப்பலுக்கு வெளிப்புறமாகச் சுற்றிப் போனபோது, 'அமெரிக்கா' உட்புறமாகப் போனது. அதற்குக் கொடுத்த அறிவுறுத்தலில் அந்த இடம் குறிப்பிடப்படவில்லை. முறைப்பாடு வந்தது, பிறகு கைவிடப்பட்டது. வரலாறு படிக்கும் பிள்ளைகளே, அழகான கதைக்குப் பக்கத்தில் அழகில்லாத விவரமும் இருக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள்.

வென்ற வெள்ளிக் கிண்ணத்தை 1857இல் நியூயோர்க் கழகத்திடம் கொடுத்தார்கள். கப்பலின் பெயராலேயே அது இன்றும் 'அமெரிக்கா கிண்ணம்' எனப்படுகிறது. 1983இல் அவுஸ்திரேலியா வெல்லும்வரை அது அந்தக் கழகத்தின் கையைவிட்டுப் போகவில்லை.

கிண்ணத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். கிண்ணத்தை வென்று கொடுத்த கப்பலுக்கு என்ன நடந்தது?

பந்தயம் முடிந்து சில நாட்களிலேயே இங்கிலாந்தில் விற்றுவிட்டார்கள். கை மாறியது, பெயரும் 'கமிலா' என்று மாறியது. கவனிப்பாரின்றி மரம் உளுத்தது. 1850களின் இறுதியில் பிட்ச்சர் என்ற கப்பல் கட்டுநர் தேக்கு மரம் கொண்டு அதைப் பெருமளவு புதுப்பித்தார். பிறகு அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தென்மாநிலத்தவர் கைக்குப் போனது. 1862இல் எதிரி நெருங்கி வந்தபோது புளோரிடாவில் ஓர் ஆற்றில் அவர்களே அதை மூழ்கடித்தார்கள். வடமாநிலக் கடற்படை தூக்கி எடுத்து, பீரங்கி பூட்டி, அதே தென்மாநிலத்தவருக்கு எதிராக ஓட்டியது. 1870இல் அந்தக் கிண்ணத்துக்கான முதல் சவால் பந்தயத்தில், 19 வயதான அந்தக் கப்பலே ஓடி நான்காவதாக வந்தது.

1921இல் அதை அன்னாபொலிஸில் உள்ள கடற்படைக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அங்கே அது சும்மா கிடந்தது. மரம் மறுபடி உளுத்தது. திருத்துவோம் என்று கரையேற்றி ஒரு கொட்டகைக்குள் வைத்தபோது இரண்டாம் உலக யுத்தம் வந்துவிட்டது. பணமும் ஆட்களும் யுத்தத்துக்குப் போனார்கள். 1942 மார்ச் 29 அன்று கடும் பனி பெய்தது. பனியின் பாரம் தாங்காமல் கொட்டகைக் கூரை கப்பலின் மேல் இடிந்து விழுந்தது. 1945இல் எஞ்சிய மரத்தையும் உடைத்து அகற்றினார்கள்.

புயலிலும் யுத்தத்திலும் தப்பிய கப்பல் அது. ஆற்றில் மூழ்கியும் எழுந்து வந்தது. கடைசியில் ஒரு கூரைக்குக் கீழே, 'பிறகு பார்க்கலாம்' என்ற சொல்லில் செத்துப்போனது.

22 வருடங்களுக்குப் பிறகு மேய்ன் மாநிலத்தின் ஈஸ்ட் பூத்பே என்ற சிறிய ஊரில், கௌடி அன்ட் ஸ்டீவன்ஸ் என்ற பட்டறையில், அதே கப்பல் மறுபடி எழுந்தது. பணம் போட்டவர் ருடோல்ப் ஷேபர் என்ற செல்வந்தர். வரைபடம் தயாரித்தவர்கள் ஸ்பார்க்மன் அன்ட் ஸ்டீபன்ஸ் நிறுவனத்தார். 1967 மே 3ஆம் திகதி அதைக் கடலில் இறக்கினார்கள். பழைய கப்பல் இறங்கிய அதே திகதி, சரியாக 116 வருடங்கள் கழித்து.

எப்படி முடிந்தது? பணம் இருந்தால் எல்லாம் முடியும் என்று சிலர் சொல்வார்கள். பணம் மரம் வாங்கும், ஆள் பிடிக்கும். ஆனால் அணியம் எந்த இடத்தில் எவ்வளவு வளைய வேண்டும் என்று பணத்துக்குத் தெரியாது. 1851இல் அந்தக் கப்பல் இங்கிலாந்தில் நின்ற காலத்திலேயே அதன் உடல் வடிவை அளந்து வரைந்துகொண்டார்கள். அளந்தது யார் தெரியுமா? தோற்றுப்போன ஆங்கிலேயர்கள்தான். சொந்தக்காரர்கள் வென்ற கையோடு கப்பலை விற்றுவிட்டுப் போனார்கள். தோற்றவர்கள், 'எதனால் தோற்றோம்?' என்று அளவுக் கயிற்றை எடுத்தார்கள்.

அளப்பது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். ஒரு றாத்தல் பாணைத் துண்டு துண்டாக வெட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பலை நீளவாக்கில் சம தூரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் நடுக்கோட்டிலிருந்து பலகை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று, கீழிருந்து மேலாகப் பல உயரங்களில் அளப்பார்கள். தூக்குக்குண்டு, அளவுநாடா, கொப்பி போதும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் ஒவ்வொரு துண்டின் வடிவமும் வந்துவிடும். மறுபடி கட்டுபவர்கள் அந்த வரைபடத்தைப் பெரிய தரையில் உண்மையான அளவிலேயே கீறி, அதன்மேல் வைத்துத்தான் வங்குகளை வெட்டுவார்கள். மரம் மண்ணாகிப் போகலாம். அளவு இருந்தால் வடிவம் மிஞ்சும்.

இதே குடும்பத்தோடு தொடர்புள்ள இன்னொரு கப்பலும் உண்டு. 1937இல் அந்தக் கிண்ணத்தைக் காத்து, நான்கு ஓட்டத்திலும் வென்ற 'ரேஞ்சர்'. அதன் மாதிரிகளைத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துச் சோதித்தது ஸ்டீவன்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில். அந்த நிறுவனம், ஜோன் ஸ்டீவன்ஸின் தம்பியும் பழைய 'அமெரிக்கா'வின் பங்காளிகளில் ஒருவருமான எட்வின் ஸ்டீவன்ஸ் விட்டுச்சென்ற சொத்தில் உருவானது. நான்கே வருடத்தில், 1941இல், 'ரேஞ்சர்' பழைய உலோகமாக உடைக்கப்பட்டது. 2003இல் டென்மார்க்கில் அதன் மறுபிரதி கடலில் இறங்கியது. அங்கேயும் வழிகாட்டியது பழைய வரைபடம்தான்.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். அதே கப்பலா?

இல்லை மகன். 1967இன் கப்பலில் டீசல் இயந்திரம் இருந்தது. அதன் எந்தப் பலகையும் விக்டோரியா மகாராணியின் காலத்துக் கடலைக் காணவில்லை. அதைப் பழைய கப்பல் என்று சொன்னால் பொய். ஆனால் பழைய கப்பலும் தன் வாழ்நாளிலேயே பலமுறை பலகை மாறிய கப்பல்தான். மாறாமல் தொடர்ந்து வந்தது ஸ்டியர்ஸின் வடிவமும் அதைக் கட்டத் தெரிந்த கைகளும். அந்த இரண்டையும்தான் 1967இல் மீட்டார்கள். வெறும் ஓவியத்தைப் பார்த்துக் கொண்டிருந்தால், 'காற்றில் அந்த அணியம் எப்படித் தண்ணீரை வெட்டியிருக்கும்?' என்பதை ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

நம் நாட்டுக்கும் இப்படிப்பட்ட பெருமை உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் சமுத்திரங்களைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்ற கடலோடி. அதே 1938இல் அவர் தன் பட்டறையில், 1778ஆம் ஆண்டுக் கப்பல் ஒன்றின் வடிவைப் பின்பற்றி 'ஸ்விப்ட் ஒப் இப்ஸ்விச்' என்ற கப்பலைக் கட்டி இறக்கினார். தன் நாட்டுப் பழைய வடிவத்தை மறுபடி செய்து பார்க்கும் ஒரு மனிதர், நம் கரையில் நின்ற கப்பலின் அருமையையும் கண்டுகொண்டார்.

நமதூரில் ஒரு ஓடாவி அப்பா இருக்கிறார். வயது 80ஐத் தாண்டிவிட்டது. தோணி கட்டுவதற்கு அவர் ஒருநாளும் வரைபடம் வைத்ததில்லை. முழம், சாண், கண் பார்வை, இவ்வளவுதான். ஃபைபர் படகு வந்த பிறகு அவருக்கு வேலை இல்லை. அவர் கட்டிய கடைசித் தோணி கரையில் ஓலைக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது. போன மாரியில் ஒரு பக்கப் பலகை விட்டுவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பிறகு பார்க்கலாம், சேர்."

அன்னாபொலிஸிலும் அதைத்தான் சொன்னார்கள்.

அந்தத் தோணியைத் திருத்தும் வசதி இன்று நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் அளக்கலாம். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, தரம் 10 பிள்ளைகளோடு நாம் கரைக்குப் போகிறோம். தூக்குக்குண்டு, அளவுநாடா, வரைபுக் கொப்பி எல்லாம் எடுத்தாயிற்று. ஓடாவி அப்பாவும் வர ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு மரத்துக்கும் அவர் சொல்லும் பெயரை ஒரு பிள்ளை எழுதும், இன்னொரு பிள்ளை போனில் பதிவு செய்யும்.

வீடுகளில் பழைய தோணிப் படங்கள் வைத்திருப்பவர்கள், வாப்பா, மூத்தவாப்பா காலத்துக் கடல் சாமான்கள் வைத்திருப்பவர்கள் கரைக்குக் கொண்டு வந்து காட்டுங்கள். படம் எடுத்துவிட்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவோம். முடிந்தவர்கள் வந்து நாடாவின் மறுமுனையைப் பிடியுங்கள். அதற்கு ஒரு ஆள் குறைகிறது.