மன்னிப்புக்குப் பின்னும் நெருடும் மனச்சாட்சி: ஒரு நோயும் அதன் சிகிச்சை வரலாறும்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் பனவடலிசத்திரம். அதன் சுற்றுவட்டாரச் சபைகளில் நாம் ஊழியம் செய்த நாட்களில் ஓர் இளைஞர் இரவுதோறும் குருமனைக்கு வருவார். பரிசுத்த ஆவியானவருக்கு விரோதமான சொல்லொன்று தம் உள்ளத்தில் தானாகவே எழுந்துவிட்டதென்றும், தமக்கு மன்னிப்பு உண்டா என்றும் கேட்பார். நாம் வேதபகுதிகளை எடுத்துக்காட்டி, உண்டு என உறுதி கூறி, ஜெபித்து அனுப்புவோம். முகந்தெளிந்து செல்வார், மறுநாள் இரவு அதே கேள்வியுடன் வந்து நிற்பார். ஈராண்டுகள் இவ்வாறே கழிந்தன. பொறுமையுள்ள மேய்ப்பராக நடந்துகொண்டோம் என்று அந்நாளில் நம்பினோம். நம் ஆறுதல் மொழியே அவர் நோய்க்கு நாள்தோறும் இட்ட தீனி என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அந்நோயை இன்று எண்ணச் சுழற்சி நோய் என்கின்றனர். விரும்பாத எண்ணமொன்று மீண்டும் மீண்டும் உள்ளத்தில் நுழைந்து பேரச்சத்தை விளைவிக்கிறது. அவ்வச்சத்தைத் தணிக்கும்பொருட்டு நோயாளர் கைகளைக் கழுவுகிறார், பூட்டைச் சரிபார்க்கிறார், ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அல்லது பிறரிடம் உறுதிமொழி கேட்கிறார. அச்சம் சற்றே தணிகிறது; தணிந்ததனாலேயே அச்செயல் வலுப்பெறுகிறது. நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவதாக ஆய்வுகள் கூறுகின்றன. எனவே நம் சபைகளில் இது இல்லையென்று எண்ணுதற்கில்லை.

1. ஆத்தும விசாரணையின் பழைய அனுபவம்

மருத்துவம் இந்நோய்க்குப் பெயரிடுமுன்பே திருச்சபை இதனை அறிந்திருந்தது. காலணிக்குள் புகுந்த சிறு கூர்ங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் முன்னோர் இதனை வழங்கினர். நம் மொழியில் நெருடல் என்னும் சொல் அதற்கு நன்கு பொருந்தும்.

1505ஆம் ஆண்டு எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூத்தர் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் அமைதி பெறவில்லை. அவருடைய ஆன்மீக வழிகாட்டியான ஸ்டௌபிட்ஸ், அற்பக் குற்றங்களைத் தேடித் திரட்டும் வழக்கத்தைக் கடிந்து, கிறிஸ்துவின் காயங்களை நோக்குமாறு அவரைத் திருப்பினார். 1522இல் மன்ரேசாவில் இக்னேஷியஸ் லொயோலா, அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடியும் அறிக்கையிடும் வேட்கையால் தற்கொலை எண்ணம்வரை தள்ளப்பட்டார். கடந்தகாலப் பாவங்களில் மிகத் தெளிவானவை தவிர வேறெதையும் மீண்டும் கூறலாகாதென்று அவருடைய குரு கட்டளையிட்டார். எல்லாமே தமக்குத் தெளிவானவையாகத் தோன்றியதால் அக்கட்டளை அவருக்கு அப்போது பயன்படவில்லை. 1666இல் தம் ஆத்தும சரித்திரத்தை வெளியிட்ட ஜான் பனியன், கிறிஸ்துவை விற்றுவிடும்படி உள்ளத்தில் ஓயாது ஒலித்த தூண்டுதலைப் பற்றி எழுதியுள்ளார்.

மறைந்தோருக்கு இன்று நோய்ப்பெயர் சூட்டுவது வரலாற்று மாணவருக்குத் தகாது. லூத்தரின் போராட்டத்தை நோயென்று மட்டும் சொல்லிவிட்டால் சீர்திருத்தத்தின் இறையியலே நம் கைநழுவும். எனினும் ஒன்று தெளிவு: அறிக்கையைத் திரும்பத் திரும்பக் கேட்பது சிலருக்கு மருந்தாவதில்லை என்பதை அனுபவமுள்ள மேய்ப்பர்கள் கண்டுகொண்டனர். ஆயினும் வெறும் தடைக்கட்டளை போதாது என்பதையும் இக்னேஷியஸின் அனுபவம் காட்டுகிறது.

2. மருத்துவத்தின் பாதை

19ஆம் நூற்றாண்டில் இந்நோய் குருமாரிடமிருந்து மருத்துவர் கைக்கு மாறியது. 1838இல் பிரான்சின் எஸ்கிரோலும், 1877இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலும் இதனை விவரித்தனர். அறிவு தெளிவாயிருக்கவே எண்ணம் வலிந்து நுழைகிறது என்பது வெஸ்ட்ஃபாலின் முக்கியக் கருத்து. 1903இல் பியேர் ஜானே இதைப்பற்றிப் பெருநூல் இயற்றினார். 1907இல் சிக்மண்ட் ஃபிராய்டு, நோயாளரின் சடங்குகளையும் சமயச் சடங்குகளையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். அக்கட்டுரையால் மனம் புண்பட்ட கிறிஸ்தவர் பலர். ஆனால் உளப்பகுப்பாய்வு இந்நோயில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதே பிற்காலத்தவர் கண்ட முடிவு.

திருப்பம் 1966இல் நிகழ்ந்தது. இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் விக்டர் மேயர், இரு நோயாளருக்கு அளித்த சிகிச்சையைப் பற்றி அவ்வாண்டு எழுதினார். ஒருவர் அசுத்த அச்சத்தால் கழுவிக்கொண்டிருந்தவர். மற்றவர் தேவதூஷண எண்ணங்களால் வருந்தியவர். அஞ்சும் பொருளை எதிர்கொள்ளச் செய்து, அதன்பின் சடங்கைச் செய்யாதபடி செவிலியர் உடனிருந்து தடுத்தனர். சடங்கு செய்யாமலேயே அச்சம் மெல்லத் தணிவதை நோயாளர் தாமே அனுபவத்தில் கற்றனர். ஸ்டௌபிட்ஸ் போன்றோர் அரைகுறையாகத் தொட்ட உண்மை இங்கே படிப்படியான முறையாயிற்று.

ஏறத்தாழ அதே வேளையில் மருந்தும் வந்தது. 1967இல் குளோமிப்ரமின் என்னும் மருந்தின் பயனை ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் தெரிவித்தனர். 1989இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கென அதனை அங்கீகரித்தது. பின்னர் ஃபுளுவாக்ஸெட்டின், ஃபுளுவாக்ஸமைன், செர்ட்ரலின் முதலியவை வந்தன. பக்கவிளைவு குறைவாதலால் இன்று இவையே முதலில் வழங்கப்படுகின்றன. இவை பலன்தரப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம்; மனச்சோர்வுக்குத் தரும் அளவினும் மிகுதியான அளவு தேவைப்படுவதுண்டு. பலர் மூன்றாம் வாரத்திலேயே நிறுத்திவிடுவது இதனை அறியாமையால். எதற்கும் இணங்காத கடும் நோய்க்கு மூளையில் மின்முனை பொருத்தும் முறை 1999 முதல் அறிவிக்கப்பட்டுள்ளது. அது மிகச் சிலருக்கே உரியது.

3. நம் நாட்டில்

1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தை டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கினார். நோயாளருடன் குடும்பத்தவர் ஒருவர் தங்கியிருப்பது அங்கு வழக்கமாயிற்று. இந்நோயைப் பொறுத்தவரை அதன் பொருள் பெரிது. தாய் பாத்திரத்தை மறுபடி கழுவித் தருகிறாள். மனைவி பூட்டிவிட்டேன் எனப் பத்துமுறை சொல்கிறாள். போதகர் மன்னிப்புண்டு என இருநூறுமுறை சொல்கிறார். உடனிருப்போர் மாறாவிடில் நோயாளர் மாறுவது அரிது. 1975இல் சண்டிகர் மருத்துவர்கள் 82 நோயாளரை ஆராய்ந்து, அழுக்கு, தீட்டு பற்றிய எண்ணங்களே மிகுதியென்று கண்டனர். பெங்களூரில் 1974இல் உருவான தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் இந்நோய்க்கெனத் தனிப்பிரிவு இயங்குகிறது.

நம் மக்கள் முதலில் நாடுவது வேறிடம். சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள குழியில் மனநோயாளரை அமர்த்துவது நெடுநாள் வழக்கம். புளியம்பட்டி அந்தோணியார் ஆலயத்திற்கும் ஏர்வாடி தர்காவுக்கும் சமய வேறுபாடின்றிச் செல்கின்றனர். அவர்தம் துயரத்தை நாம் இகழலாகாது. நம் சபைகளின் உபவாசக் கூட்டங்களும் அப்பட்டியலில் உள்ளன. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றின் தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தோர் உட்பட 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடைசெய்து, சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது.

4. போதகர் செய்யத்தக்கது

முதலாவது, நாம் மருத்துவரல்லோம். பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு மனநல மருத்துவரிடமோ அனுப்புவதே முதற்கடமை. 2022இல் தொடங்கிய அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

இரண்டாவது, தூஷண எண்ணத்தை எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சை பாவமல்லவா எனும் கேள்வி நியாயமானதே. நுழைந்த எண்ணம் வேறு, உள்ளம் இசைந்த சம்மதம் வேறு. நோயாளர் வருந்துவதே அவர் இசையவில்லை என்பதற்குச் சான்று. சிகிச்சையாளர் விசுவாசத்தை அவமதிக்குமாறு கேட்பதில்லை. எழும் எண்ணத்திற்கு மாற்றுச் சடங்கு செய்யாதிருக்கவே பயிற்றுகிறார். ஐயம் எழுமிடத்துப் போதகரும் சிகிச்சையாளரும் கலந்து பேசுதல் நலம்.

மூன்றாவது, விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்பது உள்ளத்தில் நூற்றுக்கு நூறு நிச்சய உணர்வு பெறுதல் அன்று. அவ்வுணர்வைத் தேடி ஓடுவதே இந்நோய். உணர்வு வராதபோதும் தேவனுடைய வாக்கின்மேல் சார்ந்து அன்றாட வேலைக்குச் செல்வது விசுவாசம்.

அவ்விளைஞரிடம் மீள்வோம். மருத்துவர், அவர், நாம் என மூவரும் ஓர் உடன்பாடு செய்தோம்: அக்கேள்விக்கு இனி நாம் விடையளிப்பதில்லை. முதல் வாரங்களில் அவர் குருமனை வாயிலில் நின்று அழுதார். உள்ளே நாமும் அமைதியாயிருக்கவில்லை. கதவைத் திறந்து தேநீர் கொடுத்தோம், வயலைப் பற்றிப் பேசினோம், விடை மட்டும் கூறவில்லை. மருந்தும் பயிற்சியுமாக எட்டுத் திங்கள் சென்றபின் அவர் இரவில் வருவது நின்றது. எண்ணம் இன்றும் எப்போதேனும் வருவதுண்டாம். வந்தால் வரட்டும் என்று ஏரைப் பிடிக்கிறாராம். ஞாயிறுதோறும் பொதுப் பாவ அறிக்கையில் சபையாருடன் ஒருமுறை முழங்காலிடுகிறார். ஒருமுறை போதும் என்று அவர் கற்றதை, அவருக்குப் பின்பே நாமும் கற்றோம்.