நாவலின் கடைசிப் பக்கங்கள்: வட்டாரச் சொற்கள் அகராதி ஏறிய கதை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924-இல் வெளிவரத் தொடங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றபோது, உள்ளூர் வழக்குகள் சிலவும் அதில் குறிப்போடு இடம்பெற்றிருந்தன. ஆயினும் உழவர் வீட்டுப் பேச்சு முழுதாக அதற்குள் வந்துவிடவில்லை. ஆறே ஆண்டுகளில், 1942-இல், ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது. விருந்தாளியைக் குறிக்கும் ‘ஒறம்பரை’ போன்ற கொங்குச் சொல்லைத் தஞ்சை வாசகர் எதிர்கொண்டால், இடத்தை வைத்து ஊகிப்பதே பெரும்பாலும் வழியாக இருந்தது. அவ்வழி பலவேளை போதுமானதே என்றாலும், தொழிற்சொற்களில் அது கைகொடுப்பதில்லை. மாடு பூட்டி நீரிறைக்கும் கமலையில் நீர் மொள்ளும் கலம் ‘கூனை’, அதன் அடியில் நீரை வெளிவிடும் தோற்குழாய் ‘தும்பி’, கூனையை இழுக்கும் பருங்கயிறு ‘வடம்’, தும்பியின் நுனியைப் பிடித்திழுக்கும் சிறுகயிறு ‘வால்கயிறு’ என்பதைக் கமலையையே காணாதவர் ஊகித்தறிவது அரிது.

‘கோபல்ல கிராமம்’ எழுதிய கி. ராஜநாராயணன் 1982-இல் ‘கரிசல் வட்டார வழக்கு அகராதி’யை வெளியிட்டார். புலவர் குழு செய்யவேண்டிய பணியை ஒரு கதைசொல்லி மேற்கொண்டார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. நாவலாசிரியர் பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரத்துக்கு அவ்வாறே ஒரு சொல்லகராதி தந்தார். இதற்கிடையே நாவலின் இறுதியில் அருஞ்சொற்பொருள் பட்டியல் சேர்ப்பதும் பதிப்பு வழக்காயிற்று.